மூளைப் படம்: கற்கத் தொடங்குவோருக்கு

"எண்ணத்தைப் படம் பிடித்துவிட்டார்கள்!" என்ற செய்தியை நம்மிற் பலர் படித்திருப்போம். பிடித்தது எண்ணத்தையா, வேறொன்றையா? மூளையின் செயலைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றிக் கற்கப் புகும் மாணவர் முதலில் தெளிய வேண்டியது இதுவே.

உடலெடையில் மூளை நூற்றில் 2 பங்கு. ஆனால் அது செலவிடும் ஆற்றலோ நூற்றில் 20 பங்கு! மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே குருதி மிகுதியாகப் பாய்கிறது. பிராணவாயுவை ஏற்ற ஹீமோகுளோபினைக் காந்தம் மெல்லத் தள்ளும். அதனை இழந்த ஹீமோகுளோபினையோ ஈர்க்கும். இதனை 1936இல் பாலிங், கோரியல் என்போர் கண்டனர். இவ்வேறுபாட்டைக் கொண்டு ஒகாவா குழுவினர் 1990இல் எலியின் மூளையைப் படமெடுத்தனர். 1992இல் மனித மூளையும் இம்முறையில் ஆராயப்பட்டது.

ஆகவே, படம் காட்டுவது குருதியின் மாற்றத்தை, எண்ணத்தை அன்று. நரம்பணுவின் வேலை நொடியின் ஆயிரத்தில் சில பங்கில் முடியும். குருதியின் மாற்றமோ உச்சத்தை அடைய ஏறக்குறைய 5 நொடி ஆகும்.

படத்தின் வண்ணமும் கணக்கிட்டுத் தீட்டியதே. மூளையை 50,000 சிறு கட்டங்களாகப் பிரித்ததாகக் கொள்வோம். ஆயிரத்துக்கு ஒன்று தற்செயலாக ஒளிர்ந்தாலும் 50 கட்டங்கள் ஒளிருமன்றோ? அமெரிக்க ஆய்வாளர் பென்னட் குழுவினர் 2009இல் செத்த சால்மன் மீனொன்றைச் சோதித்தனர். கணக்கைத் திருத்தாதபோது, அதன் மூளையும் "வேலை செய்வதாக"த் தோன்றியது!

இது வெறும் வேடிக்கை அன்று. எம்.ஆர்.ஐ. படத்துக்கு உறவான மூளை மின்னலைச் சோதனையின் முடிவை, 2008இல் புனேயில், கொலை வழக்கொன்றில் நீதிமன்றம் சான்றுகளில் ஒன்றாக ஏற்றது. 2010 மே 5 அன்று, செல்வி வழக்கில், ஒருவர் மீது இத்தகைய சோதனைகளை அவர் இசைவின்றித் திணிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூளைச் சோதனையைத் தவறாகப் படித்தால் ஒரு மனிதனின் வாழ்வே பாழாகலாம்.

எங்கே தொடங்குவது? மூளையின் பகுதிகளை அறிக; காந்தத்தின் இயற்பியலைக் கற்க; புள்ளியியலைக் கைவிடற்க. எம்.ஆர்.ஐ. இயந்திரம் இல்லையே என வருந்த வேண்டா. "ஓப்பன்நியூரோ" என்னும் களஞ்சியத்தில் மெய்யான ஆய்வுகளின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆராய உதவும் கணினி நிரல்களுக்கும் மாணவர் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எந்த மூளைப் படத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை அளந்தனர்? எதனோடு ஒப்பிட்டனர்? தற்செயலை எவ்வாறு விலக்கினர்? கேட்கப் பழகியவரே கற்கத் தொடங்கியவர்.