உள்ளங்கை அரித்தால் தள்ளிப்போடாதீர்கள்

கர்ப்பிணிக்கு அரிப்பு என்றால், “வயிறு விரியுது, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். பெரும்பாலும் சரிதான். கடைசி மூன்று மாதங்களில் வயிற்று வரிகளில் சிவந்த தடிப்புகள் கிளம்பி, தொப்புளைச் சுற்றி மட்டும் தோல் தெளிவாக இருந்தால், அது பொதுவாகக் குழந்தையைப் பாதிக்காதது. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் அடங்கிவிடும். அதுவரை சுடுநீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் காயுமுன் வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் தடவுங்கள். குளிர்ந்த ஈரத்துணியும் காலமைன் லோஷனும் அரிப்பைத் தணிக்கும். ஸ்டீராய்டு களிம்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள்.

தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, இரவுத் தூக்கம் கெட்டால் விஷயம் வேறு. கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாமல், பித்த அமிலம் ரத்தத்தில் தேங்குவதாலும் இப்படி அரிக்கும். வேப்பிலையும் மஞ்சளும் பாட்டி காலத்திலிருந்து கைகொடுத்தவைதானே என்று கேட்கலாம். அவை தோலோடு நின்றுவிடும், ரத்தத்தில் தேங்கியதை எட்டாது. வெறும் அரிப்புக்கு ரத்தப் பரிசோதனையா என்றும் தயங்க வேண்டாம். ரத்தத்தில் பித்த அமில அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால், குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. முன்பே தெரிந்தால் பிரசவ நாளை முன்கூட்டித் திட்டமிடலாம். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே மருத்துவரிடம் கிளம்புங்கள். பித்த அமிலப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.