மாடித் தொட்டியில் சோம்பு

சோம்புக்குப் பனிக்காலம்தான் பிடிக்கும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பெரும்பாலும் குளிர்காலப் பயிராகவே விளைகிறது. நம் ஊரில் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ, அடைமழை சற்று ஓய்ந்ததும் விதையுங்கள்.

விதைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, அஞ்சறைப் பெட்டியே போதும். ஆனால் சாப்பிட்டதும் வாயில் போடும் பொடிச் சோம்பு வேண்டாம். முற்றுவதற்கு முன்பே பறித்தது அது, சரியாக முளைக்காது. வறுத்ததும் ஆகாது. குழம்புக்குப் போடும் பருத்த சோம்பை இரவு முழுக்க ஊறவையுங்கள்.

இது ஆணிவேர்ச் செடி. குஜராத்தில் நாற்று விட்டு நடுவதும் உண்டு. தொட்டியில் அந்த வேலை வேண்டாம். வேர் அலுங்கினால் செடி வளராமலே பூத்துவிடும். ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில் செம்மண், மட்கிய தொழுவுரம், கொஞ்சம் மணல் கலந்து, நேரடியாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். முளைத்ததும் முக்கால் அடிக்கு ஒன்றாக விட்டு மற்றதைக் களையுங்கள். களைந்த குருத்தை ரசத்தில் போடலாம், வாசனை தூக்கும்.

நல்ல வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் விடுங்கள். தேங்கினால் வேர் அழுகும். இடுப்புயரம் வந்ததும் குச்சி நட்டுக் கட்டுங்கள், காற்றுக்குச் சாயும்.

பூவெடுக்கும்போதுதான் தொல்லை. மஞ்சள் குடைப் பூங்கொத்தின் காம்பிடுக்கைப் புரட்டிப் பாருங்கள்: பச்சை அசுவினி ஒட்டியிருக்கும், எறும்பும் ஏறும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, தேனீக்கள் போனபின் சாயங்காலம் அடியுங்கள். பொறிவண்டு தென்பட்டால் மருந்தே வேண்டாம், அது தின்றுவிடும்.

ஒரு செடியிலேயே எல்லாக் கொத்தும் ஒன்றாக முற்றாது. நடுக்கொத்து முந்தும், பக்கக் கொத்துகள் பிந்தும். அதனால் நாலைந்து தடவையாக அறுக்க வேண்டும். மெல்லுவதற்கென்றால் பாதி பருத்த பச்சையிலேயே அறுங்கள். சமையலுக்கு, மஞ்சள் ஓடத் தொடங்கும்போது. இரண்டையும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் பச்சை நிறமும் மணமும் போய்விடும்.

நல்ல கொத்து ஒன்றை மட்டும் செடியிலேயே பழுப்பேற விட்டு, அடுத்த கார்த்திகை விதைப்புக்கு எடுத்து வையுங்கள்.