சமவெளிக்கான ரைபிள் செம்பனைக்கு ஆகாது

அன்புத் தம்பிக்கு,

அமெரிக்காவில் கயோட்டி வேட்டையாடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, .223 ரைபிள் வாங்கவா, .22-250 வாங்கவா என்று கேட்டிருந்தாய். அந்த நாட்டுக்கு இரண்டுமே பொருத்தம்தான். கயோட்டி பெரும்பாலும் இருபது கிலோவைத் தாண்டாது. வெட்டவெளியில் இருநூறு மீட்டருக்கு அப்பாலும் நிற்கும். வேகமாகப் பாயும் சின்னக் குண்டே போதும். ஆனால் காப்பாரில் உன் மாமா தோட்டத்துச் செம்பனைக் கன்றின் குருத்தைத் தின்று தீர்ப்பது காட்டுப்பன்றி. அது உன் கண்ணில் படும்போது பெரும்பாலும் முப்பது மீட்டருக்குள் இருக்கும்.

என்னைக் கேட்டால், எந்தக் கேலிபர் என்பதை மிருகத்தின் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காப்பாரிலிருந்து கேரித் தீவு வரை தட்டையான கரையோர மண். குறி தவறிய குண்டை வாங்கிக்கொள்ள ஒரு குன்று கிடையாது. ரைபிள் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் போகும். அந்தத் தூரத்துக்குள் லயம் இருக்கிறது, சாலை இருக்கிறது, குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளி இருக்கிறான். பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்திகளை நாளிதழில் நீயும் படித்திருப்பாய்.

அதனால் 12 போர் ஷாட்கன் வாங்கு. எஸ்.ஜி. தோட்டாவில் வழக்கமாக ஒன்பது ஈய உருண்டைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். இருபத்தைந்து மீட்டர்வரை நம்பிச் சுடலாம். அதற்கு மேல் உருண்டைகள் சிதறி, பன்றி சாகாமல் காயத்தோடு ஓடும். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் காயம்பட்ட ஆண் பன்றியைத் தேடிப் போவது தோட்டத்திலேயே மோசமான வேலை. அதன் தோள்மேல் தடித்த கேடயம்போல் தோல் இருக்கும். இதயமோ தாழ்வாக, முன்னங்காலை ஒட்டியே இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுத்திரு. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், தாழ்வாகக் குறி வை.

பம்ப் ஆக்‌ஷனைவிட இரட்டைக்குழல் உனக்கு நல்லது என்பேன். வாய்க்கால்மேல் போட்ட ஒற்றை மரத்தில் நடக்கும்போது துப்பாக்கியைத் திறந்து மடக்கிவிட்டால், குழல் காலியா இல்லையா என்பது பின்னால் வருபவனுக்கும் தெரியும்.

துப்பாக்கி உரிமம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸிடம். பன்றி சுடும் உரிமம் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம். இரண்டும் கைக்கு வரும்வரை பிறர் துப்பாக்கியை ஒருநாள் இரவலாகக்கூடத் தொடாதே. உரிமமில்லாமல் வைத்திருந்தால், துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு.

இன்னொன்று. பன்றிக்குட்டிக்கு உடம்பில் வெளிர்க்கோடுகள் உண்டு. தாப்பிர் குட்டிக்கும் கோடும் புள்ளியும் உண்டு. தாப்பிர் முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. மங்கிய வெளிச்சத்தில் கோட்டை மட்டும் பார்த்துச் சுடாதே. மூக்கைப் பார், தாயைப் பார். இரண்டும் தெரியவில்லையா, விரலை விசையிலிருந்து எடுத்துவிடு.

உரிமம் வந்ததும் சுடுதளத்தில் இருபத்தைந்து மீட்டரில் பெரிய அட்டை ஒன்றை நிறுத்தி, வெவ்வேறு நிறுவனத் தோட்டாக்களால் சுட்டுப் பார். ஒரே துப்பாக்கியில்கூட ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு விதமாகச் சிதறும். அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. கிள்ளான் வரும்போது எடுத்து வா. உட்கார்ந்து பார்த்து, உன் குழலுக்கு எது ஒத்துவருகிறதென்று சொல்கிறேன்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து உன் அண்ணன்