வீட்டோடு பாலைவனம் போகும் பிள்ளைகளுக்கு

கலிபோர்னியாவில் ஆர்வி என்னும் வீட்டுவண்டியை வாடகைக்கு எடுத்து முதல்முறையாக மொஹாவிப் பாலைவனம் போகிற நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இது. பேக்கர் ஊரில் 15ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டிறங்குங்கள். கெல்பேக்கர் சாலையைப் பிடித்துத் தெற்கே கெல்சோ, அடுத்து மணல்மேடுகள், கடைசியில் 40ஆம் எண் நெடுஞ்சாலை. மொத்தம் 60 மைல்கூட இல்லை. ஆனாலும் ஒரு முழுப் பகலை இதற்கு ஒதுக்குங்கள்.

1. நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் வேண்டாம். பேக்கரில் 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானி நிற்கிறது. 1913இல் பக்கத்து டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்காக அந்த உயரத்தில் கட்டியது.

2. வாடகை ஒப்பந்தத்தை வீட்டிலேயே படித்துவிடுங்கள். பல ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்கின்றன. மீறிப்போய்ச் சிக்கினால் இழுத்துவரும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

3. பேக்கரில் டேங்கை நிரப்புங்கள். அதன் பிறகு, மொஹாவி தேசியக் காப்பகத்துக்குள் பெட்ரோல் கிடையாது. ஏசிக்காக ஜெனரேட்டர் ஓட்டினால், பெரும்பாலான வண்டிகளில் அதுவும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கும். குடிநீர் ஆளுக்கு நாளைக்கு ஒரு காலன், அதாவது 4 லிட்டர் அளவு, தனிக் கேனில் இருக்கட்டும். வண்டித் தொட்டித் தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. டயரின் பக்கவாட்டில் டாட் என்ற குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆர்வி டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே கெடுகிறது, பட்டன் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்பே சரிபாருங்கள். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது.

5. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எந்தக் கிளைச்சாலையில் நுழையும் முன்னும், "எங்கே திருப்புவேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெரியாவிட்டால் நுழையாதீர்கள். 25, 30 அடி வண்டியைத் திருப்ப ஓரத்தில் இறக்கினால், கெட்டித் தரைபோலத் தெரிந்தது பொலபொலவென்ற மணலாக இருக்கும். பின்சக்கரம் புதைந்துவிடும். பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதி, சிறு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் தரையில் இடிக்கும். எரிமலைக் குழம்புக் குகைக்குப் போகும் எய்க்கன் மைன் சாலை நுழைவில் ஆசை காட்டும். ஆர்வியோடு அங்கே போக வேண்டாம். கெல்சோ மணல்மேட்டுக்குப் பிரியும் 3 மைல் சரளைச் சாலை அலை அலையாக மேடு விழுந்து கிடக்கும். அலமாரி திறந்துகொள்ளும், திருகாணிகள் தளரும். சொந்த வண்டி என்றால் நடையின் வேகத்தில் போகலாம். ஏறத்தாழ 200 மீட்டர் உயர மணல்மேடு, மணல் சரியும்போது அடித்தொண்டையில் முழங்கும். கேட்க வேண்டிய ஓசை அது. சந்தேகம் வந்தால் இறங்கி முன்னால் நடந்து பாருங்கள். பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் கண்ணாடியில் தெரியும்படி பின்னால் நிற்கட்டும். அவர் மறைந்தால் உடனே நிறுத்துங்கள். டெத் வேலிக்கும் போவதாக இருந்தால் உங்கள் வண்டியின் நீளம் தெரிந்திருக்க வேண்டும். ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவிலும் டான்டேஸ் வியூ ஏற்றத்திலும் 25 அடிக்கு மேற்பட்டவற்றுக்கு அனுமதியில்லை.

6. வறண்ட ஓடையில் இரவு தங்காதீர்கள். மழை எங்கோ மலையில் பெய்யும், வெள்ளம் உங்களிடம் வரும். 2023 ஆகஸ்ட்டில் ஹிலரி புயல்மழை சாலைகளை அரித்துப்போட்டதால் டெத் வேலி அக்டோபர் நடுப்பகுதிவரை மூடிக் கிடந்தது. கிளம்பும் நாள் காலையில் பூங்காத் துறையின் சாலை அறிவிப்பைப் பாருங்கள்.

7. கைப்பேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. காகித வரைபடம் வாங்குங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். 1996 கோடையில் டெத் வேலிக்கு வந்த ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் வேன், ஆளரவமற்ற பள்ளத்தாக்கில் தனியாகக் கிடந்தது. பெரியவர்கள் இருவருடையவை என்று கருதப்படும் எலும்புகள் 2009இல்தான், மைல்களுக்கு அப்பால், கிடைத்தன. உங்கள் ஆர்வியில் நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, தேடுகிறவர் கண்ணுக்குத் தெரியும் உருவமும் உண்டு.

8. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஓட்டத்தை முடித்துவிடுங்கள். முன்பே வண்டிகள் நின்ற தடமுள்ள இடத்தில் மட்டும், சமதளமாகப் பார்த்து நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் கேஸ் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது.

9. காலையில் வண்டியை எடுக்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள். பாலைவன ஆமை நிழல் தேடி அங்கே படுத்திருக்கலாம். அதைத் தூக்காதீர்கள். பயந்தால் உடம்பில் சேமித்த நீரைச் சிறுநீராகக் கழித்துவிடும், மழையில்லாத காலத்தில் அந்த இழப்பு அதன் உயிரையே வாங்கலாம். 1990 முதல் மத்திய அரசின் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் உயிர் அது. தானாக நகர்ந்து போகும்வரை காத்திருங்கள், ஒரு மணி நேரமானாலும் சரி. குழந்தைகளையும் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.