காமன் கூத்தும் மலையக மண்ணும்

மலையகத் தோட்டங்களில் மாசி அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரை காமன் கூத்து ஆடுவது மரபாகும். சிவபெருமானின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததும், ரதிதேவியின் புலம்பலுக்கு இறைவன் இரங்கி உயிர்ப்பிச்சை அளித்ததுமே இதன் கதை.

இக்கூத்துக்கு மேடை இல்லை. காமன் பொட்டலே களம். ரதியும் மதனும் தப்பு முழங்க லயத்துக்கு லயம் ஆடிச் செல்வர். பகலில் கவ்வாத்து மலையில் ஏறி இறங்கிய கால்களே இரவில் சலங்கை கட்டுகின்றன. விரதமிருந்து வேடம் புனைவதால், ஆடுபவரின் உடலே இறைவனுக்குக் காணிக்கையாகிறது.

1820களில் தொடங்கி கோப்பித் தோட்டங்களுக்கு வந்த முன்னோர் இதனைத் தம்முடன் கொண்டுவந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய பின்னரும் கூத்து நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிடி மண்ணும் சொந்தமில்லாத அந்நாட்களிலும், கம்பம் ஊன்றிய இடத்தில் ஆடி ஆடியே அதைத் தம் மண்ணாக்கினர்.

இன்று இளைஞர் பலர் கொழும்புக்கு வேலைக்குச் செல்கின்றனர். பாட்டும் ஆட்டமும் ஏட்டில் அல்ல, மூத்தோரின் நாவிலும் காலிலுமே உள்ளன. அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் பொட்டலில் இறங்கி ஒரு வேடமாவது பழக வேண்டும். இறைவன் அருள் புரிவானாக.