முதலில் பட்டியல், பிறகு நன்கொடை

அன்புள்ள தம்பிக்கு,

நீ படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் என்ற முறையில் உன்னைச் சேர்த்திருப்பது அறிந்து மகிழ்ந்தேன். ஊரில் பணம் திரட்டி ஸ்மார்ட் வகுப்பறை அமைக்கலாமா என்று கேட்டிருந்தாய். பணத்திலிருந்து தொடங்காதே. ஏன் என்பதற்குப் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அப்போது காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். பள்ளிச் சீரமைப்பு இயக்கம் பிறகு மாவட்டந்தோறும் பரவியது. 'பள்ளிக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் சிலர்தான் கொடுப்பார்கள். அந்த இயக்கத்தினரோ பள்ளியில் இல்லாத பொருள் எது என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அந்தந்த ஊராரிடமே வைத்தார்கள். இன்ன வகுப்புக்குப் பலகை, இத்தனை பிள்ளைகளுக்குச் சட்டை என்று கண்முன் வைத்ததும், வசதி உள்ளவர் நிலமும் கட்டடமும் தந்தார். இல்லாதவர் தம்மால் முடிந்ததைத் தந்தார். 1956-இல் தொடங்கிய மதிய உணவும் முதலில் ஊரார் கொடையால்தான் நடந்தது. அரசு நூற்றுக்கு 60 பங்கை ஏற்ற பிறகும் மீதியை ஊர் சுமந்தது. ஏழை நாட்டில் அது நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் அந்தக் காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஊர் கொடுத்தது. இன்று ஊருக்குக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதை நிரப்பச் சொல்லி அரசிடம் கேள். அதற்காக ஊராரிடம் உண்டியல் நீட்டாதே. அரசின் கடமையை ஊரின் தலையில் இறக்கிவைப்பது பங்கேற்பு ஆகாது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். குழுவில் இருக்கும் தாய்மார்களில் பலர் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிறவர்கள். பகலில் கூட்டம் வைத்தால் ஒரு நாள் கூலி போகும். வராமல் இருப்பார்கள், பிறகு அவர்களிடம் நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கப்படும். அவர்களுக்குத் தோதான நேரத்தைத் தலைமையாசிரியரிடம் பேசி முடிவு செய். காலனித் தெருவுக்கு நீயே போய் அழை. நன்கொடை தந்த பெரியவர் முன்வரிசையில் அமர்ந்து பேச, அந்தத் தாய்மார் பின்னால் நின்று கேட்கும் கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. கழிப்பறையில் தண்ணீர் வராததால் மகள் வீட்டுக்கு ஓடிவருகிறாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உன் ஸ்மார்ட் வகுப்பறைக்கு முன்னால் அதுதான் பட்டியலில் ஏற வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பட்டியலை எழுது. எதை ஊர் செய்யும், எதை அரசிடம் கேட்பது என்று இரண்டாகப் பிரித்து, எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
மாமா