சக்கரம் சொல்லும் செய்தி

சந்தாபுராவின் வழியே செல்லும் ஓசூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் வண்டிகள் ஓய்வதில்லை. அத்திபெலே எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஓசூர் நகரம். அங்கே அசோக் லேலண்ட் நிறுவனத்தின் தொழிற்சாலையில் லாரிகளும், டி.வி.எஸ். நிறுவனத்தின் தொழிற்சாலையில் இருசக்கர வண்டிகளும் உருவாகின்றன. பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய ஊர்களின் தொழிற்கூடங்களில் பணிபுரியும் பெற்றோருடன் இப்பகுதியில் வாழும் உங்களுக்கு ஸ்டியரிங் சக்கரம் புதிய பொருளன்று. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்து, ஓட்டுநரின் கைகளையே பார்த்துக்கொண்டு சென்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள்.

அந்தச் சக்கரம் இப்போது வீட்டு மேசைக்கும் வந்துவிட்டது. கார்ப்பந்தயக் காணொளி விளையாட்டுகளை இதுவரை விரல்களால் இயக்கும் கன்ட்ரோலர் கொண்டு ஆடியவர்கள், உணவுத் தட்டளவே உள்ள ஒரு சக்கரத்தையும், காலால் அழுத்தும் மிதிகளையும் கணினியுடன் இணைத்து ஆடத் தொடங்கியுள்ளனர். இக்கருவி விலை மிகுந்தது. பல மாதங்கள் பணம் சேர்த்தோ, பழைய கருவியைப் பாதி விலைக்கு வாங்கியோதான் பலர் இதனை அடைகின்றனர்.

ஆனால், வாங்கிய முதல் நாளில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது ஏமாற்றமே. நேற்று வரை எளிதாகக் கடந்த வளைவில் இன்று கார் சுவரில் மோதுகிறது. நேரான சாலையிலும் பாம்பு போல் நெளிகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறைவதற்கு மாறாகக் கூடுகிறது. “பணம் வீணாயிற்று” என்று சக்கரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுபவர்களும் உண்டு. அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் என்ன? கன்ட்ரோலரில் உள்ள சிறு குச்சி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓரிரு சென்டிமீட்டரே நகரும். பெருவிரல் அதனைச் சட்டெனத் தள்ளினாலும், விளையாட்டின் மென்பொருள் காரின் முன் சக்கரங்களை மெல்லத்தான் திருப்புகிறது. வேகம் மிகுந்தால், திரும்பும் அளவையும் அதுவே குறைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உதவியாளர் அருகில் அமர்ந்து நம் பிழைகளைத் திருத்திக்கொண்டே வருவது போன்றது இது. ஸ்டியரிங் சக்கரத்தை இணைத்தவுடன் அந்த உதவியாளர் இறங்கிவிடுகிறார். நாம் திருப்பிய அளவு கார் திரும்புகிறது. நாம் செய்த பிழை அப்படியே சாலையில் தெரிகிறது.

ஆகவே, பழகுதல் இங்கே புதிதாகத் தொடங்குகிறது. முதலில் கருவி அசையாமல் இருக்க வேண்டும். சக்கரத்தை மேசை விளிம்பில் திருகி இறுக்க வேண்டும். உருளும் நாற்காலி ஆகாது. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் அது பின்னால் ஓடும். நான்கு கால் கொண்ட சாதாரண நாற்காலியே போதும். வழவழப்பான தரையில் மிதிகளும் முன்னோக்கி நழுவும். அவற்றைச் சுவரோடு அணைத்து வைத்து, அடியில் ஒரு பழைய சாக்கை விரித்தால் நழுவா. கடிகார முகத்தை மனத்தில் கொண்டு, இடக்கையை 9 என்னும் இடத்திலும் வலக்கையை 3 என்னும் இடத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சுழலும் அளவு. சாலையில் ஓடும் காரின் ஸ்டியரிங், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று முழுச் சுற்றுகள் சுழலும். பலர் பயன்படுத்தும் லாஜிடெக் ஜி29 போன்ற கருவிகளும் 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று, சுழலக்கூடியவை. ஃபார்முலா 1 காரிலோ ஓட்டுநர் சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலேயே கூர்மையான வளைவுகளைத் திரும்பிவிடுகிறார். எனவே, எந்தக் காரை ஓட்டுகிறோமோ அதற்கேற்ற சுழற்சி அளவை விளையாட்டின் அமைப்புப் பகுதியில் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வளவு எளிய செய்தியை அறியாமல், “இச்சக்கரம் சரியாகத் திரும்பவில்லை” என்று கருவியைக் குறைகூறுவோர் பலர்.

இனிச் சொல்லப்போவதுதான் இப்பாடத்தின் நடுப்பகுதி. இக்கருவியின் உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. நாம் சக்கரத்தைத் திருப்பும்போது, அந்த மோட்டார் நம் கைகளை எதிர்த்துத் தள்ளுகிறது. இதனை எதிர்விசை என்று அழைக்கலாம். புதிதாக ஆடுபவர்கள் இதனை ஒரு தொல்லையாகக் கருதிச் சக்கரத்தை இறுகப் பற்றி அதனுடன் போராடுகின்றனர். சிறிது நேரத்தில் தோள்கள் வலிக்கின்றன. உண்மையில் அந்த எதிர்விசை, டயர்கள் அனுப்பும் செய்தியாகும்.

அது எவ்வாறு? கடைகளில் பொருள்களை எடுத்துச்செல்லும் தள்ளுவண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன் சக்கரங்கள், நாம் தள்ளும் திசையை நோக்கித் தாமாகவே திரும்பிக்கொள்ளும். காரின் முன் சக்கரங்களுக்கும் ஏறத்தாழ அத்தகைய இயல்பு உண்டு. வளைவில் நாம் அவற்றைத் திருப்பிவைத்தாலும், அவை மீண்டும் நேராகவே முயலும். அம்முயற்சிதான் நம் கையில் பளுவாக உணரப்படுகிறது. டயர் சாலையை நன்கு பற்றியிருக்கும் வரை வளைவின் கடுமை கூடக் கூடப் பளுவும் கூடும். பிடிப்பு தன் எல்லையை நெருங்கும்போது ஒரு விந்தை நிகழ்கிறது: சக்கரம் திடீரென இலேசாகிவிடுகிறது. கார் வழி விலகுவதைக் கண் காண்பதற்கு முன்னரே கை அதனை அறிந்துவிடும். அப்போது மேலும் திருப்புவதால் பயனில்லை. சற்றே நேராக்கி, வேகத்தைக் குறைத்து, டயர் மீண்டும் சாலையைப் பற்றுவதற்கு இடமளிக்க வேண்டும்.

பின் டயர்கள் பிடிப்பை இழந்தாலோ நிலைமை வேறு. காரின் வால் ஒரு பக்கமாக வீசப்படும். அந்நேரத்தில் ஸ்டியரிங் சக்கரம் தானாகவே எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். காரை நேராக்குவதற்குத் தேவையான திசையும் அதுவே. இறுகப் பற்றியவன் அச்சுழற்சியைத் தடுத்துவிடுகிறான், கார் சுழன்றுவிடுகிறது. பிடியைத் தளர்த்தியவன் சக்கரத்தை ஓடவிட்டு, உரிய இடத்தில் பற்றிக்கொள்கிறான். கார் நேரானதும் சக்கரத்தையும் உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் வால் மறுபக்கம் வீசும். மிதிவண்டியில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். கைப்பிடியை அழுத்திப் பிடித்த வரை விழுந்துகொண்டே இருந்ததாகத்தான் அவரும் சொல்வார்.

மெய்யான காரில் அமர்ந்திருப்பவருக்கு உடல் முழுவதும் செய்தி வருகிறது. வளைவில் உடல் பக்கவாட்டில் சாய்கிறது. பிரேக் அழுத்தினால் முன்னே தள்ளப்படுகிறது. பின்பகுதி வழுக்குவதை இருக்கையே உணர்த்திவிடுகிறது. மேசைமுன் அமர்ந்து ஆடுபவரின் உடலோ அசைவதில்லை. கண், காது, கை ஆகிய மூன்றே அவருக்குத் துணை. உடல் அறிய வேண்டிய செய்தியின் பெரும்பகுதியை இந்தச் சிறு சக்கரமே சுமந்து வருகிறது. அதனால்தான் எதிர்விசையை முற்றிலும் நிறுத்திவிட்டு ஆடுவது காதை மூடிக்கொண்டு உரையாடுவதற்கு ஒப்பாகும். அதற்காக அதனை உச்ச அளவில் வைப்பதும் தவறு. திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியை முழு அளவில் வைத்தால் பாட்டும் பேச்சும் ஒரே இரைச்சலாகக் கேட்கும் அல்லவா? மோட்டாரும் அப்படியே. எப்போதும் முழு ஆற்றலுடன் தள்ளிக்கொண்டிருந்தால் சிறிய பளுவுக்கும் பெரிய பளுவுக்கும் வேறுபாடு தெரியாமற்போகும்.

பிரேக் மிதியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். விலை குறைந்த கருவிகள் மிதி எவ்வளவு தூரம் கீழிறங்கியது என்பதை அளக்கின்றன. விலை மிகுந்தவை எவ்வளவு அழுத்தம் கொடுக்கப்பட்டது என்பதை அளக்கின்றன. காலுக்குத் தூரத்தைவிட அழுத்தமே எளிதில் நினைவில் நிற்கும். எவ்வகை மிதியானாலும், வளைவுக்கு முன்னரே, நேரான பகுதியில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கண் பார்வை காரின் முன்மூக்கில் நிலைத்திராமல், போக வேண்டிய இடத்தை நோக்க வேண்டும். தொடக்கத்தில் வேகம் குறைந்த ஒரு காரையும், ஒரே பந்தயத் தடத்தையும் தேர்ந்தெடுத்து, போட்டியாளர் எவருமின்றி நாளுக்கு அரைமணி நேரம் ஓட்டினால் போதும். நாளுக்கொரு காரை மாற்றுபவரின் கை எதனையும் கற்பதில்லை.

“இவ்வளவு முயற்சியும் வெறும் விளையாட்டுக்குத்தானா?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான வினாவே. விளையாட்டிலிருந்து மெய்யான பந்தயத்திற்குச் சென்றவர்கள் உண்மையில் உளர். நிசான் நிறுவனமும் பிளேஸ்டேஷனும் இணைந்து 2008-ஆம் ஆண்டில் ஜி.டி. அகாடமி என்னும் போட்டியைத் தொடங்கின. காணொளி விளையாட்டில் சிறந்தவர்களைத் தேர்ந்து, மெய்யான காரில் பயிற்சியளிப்பது அதன் நோக்கம். முதல் போட்டியில் ஸ்பெயின் நாட்டு மாணவர் லூகாஸ் ஒர்டோனெஸ் வென்றார். 2011-இல் ஏறத்தாழ 90,000 பேர் பங்கேற்ற போட்டியில் பிரிட்டனைச் சேர்ந்த 19 வயது ஜான் மார்டன்பரோ வென்றார். 2014-இல் இந்தியாவிலும் இப்போட்டி நடைபெற்றது. இன்று ஃபார்முலா 1 அணிகளுக்கு மெய்யான தடத்தில் ஒத்திகை பார்க்க விதிகள் மிகச் சில நாள்களையே அனுமதிக்கின்றன. ஆதலால் அவ்வணிகளின் ஓட்டுநர்களும் இத்தகைய போலிக் காரில் அமர்ந்துதான் பல மணி நேரம் பழகுகின்றனர். 2020-இல் பெருந்தொற்றால் பந்தயங்கள் நின்றபோது, அவர்களுள் சிலர் வீட்டிலிருந்தபடியே மெய்நிகர் பந்தயங்களில் மோதினர். அவ்வாண்டு ஏப்ரலில் ஆஸ்திரேலியத் தடத்தில் நடந்த அத்தகைய பந்தயத்தில் சார்லஸ் லெக்லெர்க் வென்றார்.

நம் மண்ணிலும் இக்கலைக்கு நீண்ட மரபு உண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தில், பழைய விமான ஓடுதளமே ஒரு காலத்தில் பந்தயத் தடமாக விளங்கியது. பின்னர் 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே தடம் அமைந்தது. கோயம்புத்தூர் தந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில், ஒரு நிறுவனத்தின் டயர்கள் அத்தடத்தின் ஒரு வளைவைத் தாங்கா என்று தெரிந்ததால் 14 கார்கள் விலகிக்கொண்டன. எஞ்சிய 6 கார்களுள் நரேன் 4-ஆவதாக வந்து புள்ளிகள் பெற்றார். டயரின் பிடிப்பு ஒரு பந்தயத்தையே எவ்வாறு மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஆயினும், திரைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் மார்டன்பரோவின் கார் மேடான பகுதியில் காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி விழுந்தது. அவர் உயிர்தப்பினார், பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். விளையாட்டில் உள்ள ‘மீண்டும் தொடங்கு’ என்னும் பொத்தான் சாலையில் எங்கும் இல்லை. நம் நாட்டில் கார் ஓட்டும் உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேசைமேல் பழகிய கைகள் அதுவரை மேசைமேலேயே இருக்கட்டும்.

பயிற்சிப் பகுதி

அ. சொற்பொருள் அறிக.
மிதி – காலால் அழுத்தும் கட்டை, பெடல்
எதிர்விசை – எதிர்த்துத் தள்ளும் ஆற்றல்
தடம் – பந்தயத்திற்குரிய பாதை
பாகை – கோணத்தின் அளவு
மெய்நிகர் – உண்மை போலவே தோன்றுவது

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சக்கரத்தை வாங்கிய முதல் நாளில் ஆட்டத்தின் நேரம் கூடுவதற்குக் காரணம் யாது?
2. முன் டயர்கள் பிடிப்பை இழக்கத் தொடங்குவதைக் கை எவ்வாறு உணர்கிறது?
3. எதிர்விசையை உச்ச அளவில் வைப்பது ஏன் தவறு?
4. மேசைமுன் அமர்ந்து ஆடுபவருக்குக் கிடைக்காத செய்திகள் எவை?

இ. பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைத்து எழுதுக.
வழுக்கு – வழக்கு. இறுக்கம் – இரக்கம். பளு – பழு. வளைவு – விளைவு

ஈ. பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
எதிர்மறைப் பொருள் தரும் வினைச்சொற்கள் ஐந்து. (எடுத்துக்காட்டு: ஓய்வதில்லை)

உ. செயல் திட்டம்.
உங்கள் உறவினருள் லாரி, பேருந்து, ஆட்டோ ஆகியவற்றுள் ஒன்றை ஓட்டுபவர் இருப்பின் அவரிடம் தமிழில் உரையாடுங்கள். மழை பெய்த சாலையில் வண்டி வழுக்குவதை அவர் எவ்வாறு அறிகிறார், அப்போது கையும் காலும் என்ன செய்கின்றன என்பவற்றைக் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக. அவர் கூறும் தொழிற்சொற்களை அவர் ஒலித்தவாறே குறித்துக்கொள்க.